கதவோரத்து ஆணி

ஜூன் 4

தங்கச்சிக்கு,

முதலில் வீட்டுப் பிள்ளைகளின் செய்தி. பெரியவனின் மகன் வங்கியில் மேலாளர் ஆகிவிட்டான். தனி அறை, அறைக்குக் கண்ணாடிக் கதவு, கதவில் அவன் பெயர். மகளின் இரட்டையரில் மூத்தவன் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கினான். இளையவன் அதே பந்தயத்தில் மூன்றாவது. நடுவில் விழுந்து எழுந்து ஓடி மூன்றாவது வந்தான், அதனால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள். சின்னவனின் மகள் நர்ஸ் படிப்பில் ஊசி போடுவதில் வகுப்பிலேயே முதல். அவள் போட்டால் குழந்தைகள்கூட அழுவதில்லையாம். அவள் தம்பி, நம் கடைக்குட்டி, இன்னும் பள்ளிக்கே போகவில்லை. அதற்குள் என் கத்தரிக்கோலை எடுத்து ஜன்னல் திரையை இரண்டாக வெட்டிவிட்டான். அடி விழுந்தது. ஆனால் வெட்டு நேராக இருந்தது.

பெரியவனின் மகள் குருவியைப் பற்றி நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. அவள்தான் உன் வீட்டில் இருக்கிறாளே.

போனில் பேசலாம்தான். ஆனால் நீயும் நானும் பேசினால், சாப்பிட்டாயா என்று கேட்டு முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

சின்னப் பாட்டி வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். குளிரில் போனாள், இப்போது பள்ளிகள் திறக்கப் போகின்றன. என் பட்டறையில் பள்ளிப் பைகள் மலை மாதிரி குவிந்திருக்கின்றன. போன வாரம் அவற்றை மொத்தமாக வாங்கும் கடைக்காரர் வந்தார். என் பைகளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தன் தோளிலிருந்து உன் பட்டறைப் பை ஒன்றைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

"இந்த மாதிரி உங்ககிட்ட இருக்காம்மா?"

ஜிப் வெளிப்பக்கம் இல்லை. முதுகோடு ஒட்டுகிற பக்கத்தில் இருக்கிறது. பேருந்து நெரிசலில் பின்னால் நிற்கிறவன் திறக்க முடியாதாம்.

"நல்லா ஓடுதும்மா. உங்க பேத்தி கண்டுபிடிச்சதாமே. பேத்தி பண்ணது பாட்டி பட்டறையில இல்லன்னா எப்படி?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வாய் மட்டும் சிரித்தது.

அந்தப் பையை எனக்குத் தெரியும். உன் ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம், முன்பக்கத் துணியையும் முதுகுப்பக்கத் துணியையும் இடம் மாற்றித் தைத்துவிட்டாள் குருவி. முன்னால் வர வேண்டிய ஜிப் முதுகுக்குப் போய்விட்டது. என் பட்டறை வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. கெடுத்த பை, கெடுத்தவர் பெயர்ச் சீட்டோடு, வாரக் கடைசி வரைக்கும் கதவோரத்து ஆணியில் தொங்கும். வருகிறவர், போகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள். பேத்தி என்று நான் தயவு காட்டவில்லை. தொங்கவிட்டேன். சனிக்கிழமை ஆணியில் பை இல்லை. திங்கட்கிழமை வீட்டில் பேத்தி இல்லை.

இப்போது நீயே சொல். என் துணி, என் நூல், என் மெஷின், என் பேத்தி. இதில் உன்னுடையது எது? உன் ஊர்க் காற்றா?

எனக்குப் பொறாமை இல்லை. கடைக்காரர் போன பிறகு, அவர் விட்டுப்போன அந்தப் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. கழற்றி மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அவளை அனுப்பி வை. பட்டறைச் சாவியை அவளிடம் கொடுப்பதென்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன். ஊசியில் நூல் கோக்க இப்போதெல்லாம் ஆள் கூப்பிடுகிறேன். இன்னும் எவ்வளவு காலம் இழுப்பேன்? இதை அவளிடம் சொல்லாதே. அவளாக வர வேண்டும்.

அக்கா

---

ஜூன் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தின் முதல் பத்தியைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கண்ணாடிக் கதவு, கோப்பை, ஊசி, ஜன்னல் திரை. எனக்கு இருப்பது ஒரே பேரன். கடலுக்கு அப்பால் இருக்கிறான், என் பிறந்த நாளன்று "ஹலோ" சொல்கிறான், சில வருஷம் அதுவும் மறுநாள். உனக்கு மட்டும்தான் வயிறு எரியும் என்று நினைக்காதே.

குருவி வந்து இறங்கியபோது அந்தப் பையைத்தான் தோளில் மாட்டியிருந்தாள். பெயர்ச் சீட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்னடி இது?"

"என் பேருதான். பாட்டி எழுதினது. கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்றாள். பிறகு குளியலறைக்குள் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள்.

என் பட்டறையில் ஜன்னலோரம் ஒரு கால் ஆடும் மேசை ஒன்று கிடக்கிறது. பெண்கள் அதற்குக் கோணல் மேசை என்று பேர் வைத்திருக்கிறார்கள். கெட்டுப்போனது எதுவானாலும் அதன்மேல் வைக்க வேண்டும். டீ நேரத்தில் எல்லோரும் சுற்றி நிற்போம். யார் செய்தது என்று கேட்கக் கூடாது. இதை என்ன பண்ணலாம் என்று மட்டும்தான் கேட்கலாம். பெரும்பாலும் ஒன்றும் பண்ண முடியாது. சிரித்துவிட்டுப் பிரித்துத் தைப்போம்.

குருவியின் பையையும் அவளே கொண்டுபோய் வைத்தாள். பெயர்ச் சீட்டோடுதான். எங்கள் பட்டறையில் பட்டன் தைக்கிற ஒருத்தி இருக்கிறாள், வாய் ஓயாது, பேரே ரேடியோ. அவள் பையைத் தூக்கி மாட்டிக்கொண்டாள்.

"இதை எனக்குக் குடுத்திடுங்க. பஸ்ல ரெண்டு தடவை என் பையைத் திறந்துட்டானுங்க. ஒரு தடவை சாப்பாட்டு டப்பாவே போச்சு. ஜிப்பு முதுகுல இருந்தா எவன் கை வைப்பான்? வச்சா எனக்குக் கூசாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். குருவி சிரிக்கவில்லை. ரேடியோவைத் திரும்பி நிற்கச் சொன்னாள். முதுகைப் பார்த்தாள், ஜிப்பைப் பார்த்தாள். அன்று அவள் டீ ஆறிப்போனது. அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே. ஜிப் முதுகில் உறுத்துகிறது என்று ஒன்று கெட்டது. வியர்வையில் துரு ஏறுகிறது என்று இன்னொன்று. மேசை கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஜிப்புக்கு மேலே ஒரு மெத்தைப் பட்டி வைக்கலாம் என்று சொன்னது தரை பெருக்குகிறவள்.

நான் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை அக்கா. இடம் கொடுத்தேன், வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவதுதான் கஷ்டம்.

உனக்கு ஓர் ஆறுதல் சொல்கிறேன். தினமும் யாருடைய தையலையாவது எடுத்துப் பார்த்து, "எங்க பாட்டி பார்த்தா பிரின்னு சொல்லுவாங்க" என்கிறாள். என் தையலையும்தான். என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, என் மெஷினில் உட்கார்ந்துகொண்டு. எனக்கு எப்படி இருக்கும்?

ஆணியைப் பற்றி எழுதியிருந்தாய். அதில் முதன்முதலில் தொங்கியது என்னுடைய பை. தோள் வாரைத் தலைகீழாகத் தைத்திருந்தேன். என் மாமியார் நம் பட்டறையைப் பார்க்க வந்ததும் அந்த வாரம்தான். கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் பெயரைப் படித்தார். அடுத்த மாதம் நான் உன் பட்டறையை விட்டு வந்தேன். புருஷன் ஊருக்குப் போகிறாள் என்று எல்லோரிடமும் சொன்னாய். நானும் அப்படியே சொன்னேன்.

இன்னொன்று. குருவிக்கு என் பட்டறையில் பங்கு கொடுக்கப் போகிறேன். அந்தப் பை அவள் பெயரில் விற்கும். கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. தபால்காரர் வந்தாரா என்று மட்டும் தினமும் கேட்கிறாள். சாவி விஷயத்தை நான் சொல்லவில்லை.

தங்கை

---

ஜூன் 19

தங்கச்சிக்கு,

பங்கா? நான் தூக்கி வளர்த்த பிள்ளைக்குப் பங்கு கொடுக்க நீ யார்? குருவி என்று பேர் வைத்ததே நான். பாபினில் நூல் சுற்ற அவள் என் மடியில் உட்கார்ந்து படித்தாள். வளர்ந்த பயிரைப் பார்த்து நீ வேலி போடுகிறாய்.

உன் பையைத் தொங்கவிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தங்கை என்று விட்டிருந்தால் மற்றவர்கள் என்ன பேசியிருப்பார்கள்? உன் மாமியார் வருவார் என்று எனக்குச் சோசியமா தெரியும்? நீயும் வாய் திறந்து கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து எட்டாம் வகுப்பு படித்த கையெழுத்தில் கேட்கிறாய். நான் ஐந்தோடு நின்றதால்தான் நீ எட்டு வரை போனாய், அதையும் எங்காவது எழுதி வை.

மேசைதானே? நானும் போட்டேன். உன்னுடையது ஆடும். என்னுடையது புதிது, உறுதியானது, மேலே கண்ணாடி போட்டது. எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன்.

"இனிமே கெட்டதை எல்லாம் இங்க வைங்க. யாருன்னு கேட்க மாட்டேன்."

"சரிம்மா" என்றார்கள். ஒருத்தியும் ஒரு நூல் துண்டைக்கூட வைக்கவில்லை. வார் தைக்கிற நெட்டை மட்டும் காலையும் மாலையும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போகிறாள். துணி வெட்டுகிறவளை நாங்கள் கத்திரி என்போம், அவளிடம் கேட்டேன்.

"ஏன்டி, யாரும் எதையும் கெடுக்கிறதே இல்லையா?"

"நம்ம பட்டறையில எங்கம்மா கெடும்?" என்றாள்.

கேட்க நன்றாக இருந்தது. அதை உனக்கு எழுதிவிட்டு, உன் மேசை வெறும் கதை என்று முடிப்பதாகத்தான் இருந்தேன்.

நேற்று நெட்டையின் சாப்பாட்டுக் கூடை கவிழ்ந்தது. டப்பாவுக்கு அடியிலிருந்து வார்கள் விழுந்தன. கோணல் தையல், அறுந்த தையல், மடித்து மடித்து வைத்தவை. அவள் சட்டென்று குனிந்து அவற்றைப் பொறுக்கினாள்.

"திருடலம்மா. வீட்டுல பிரிச்சுத் தைச்சுக் காலையில கொண்டாந்து சேர்த்திடுவேன்மா. எல்லாம் சரியா வராது. வராததை..."

நான் மற்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தி மெஷினுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தாள். கத்திரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியென்றால் எல்லோரும்தான்.

இவ்வளவு வருஷம் என் பட்டறையில் கெடுவது குறைவு என்று ஊர் முழுக்கப் பெருமை பேசியிருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? உன்னிடம் சொல்கிறேன் பார், என் நேரம்.

பங்கு விஷயத்தில் என் சம்மதம் இல்லை. பேத்தியை அனுப்பு.

அக்கா

---

ஜூன் 27

அக்காவுக்கு,

என் மூக்குக் கண்ணாடி உடைந்திருந்ததால் உன் கடிதத்தைக் குருவிதான் வாசித்துக் காட்டினாள். திட்டுகளையெல்லாம் நீ திட்டுகிற மாதிரியே வாசித்தாள், ரேடியோ உள்ளேயிருந்து ஓடி வந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று பார்த்தாள். கண்ணாடி போட்ட மேசை வந்த இடத்தில் குருவி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள். நெட்டையின் கூடை வந்ததும் நிறுத்திவிட்டாள். மீதியை நானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டேன்.

உனக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று சொல்கிறேன். எங்கள் பைகளில் ஒரு கட்டு திரும்பி வந்துவிட்டது. முதுகு ஜிப்பின் ஓரத் தையல் பிரிந்துவிட்டது. பாரம் முழுவதும் அந்த இடத்தில்தான் இழுக்கிறது. என் பட்டறைப் பெண்களுக்கு யோசனை ஓடுகிற வேகத்துக்குக் கையும் ஓடுகிறது, தையல் பின்னால் வருகிறது. அந்த ஓரம் நிற்க வேண்டுமானால் உன் பட்டறைக் கை வேண்டும். இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உனக்குத் தெரிய வேண்டாம்.

குருவியிடம் சொன்னேன், "உன் பாட்டிகிட்டக் குடுத்துத் தைக்கலாமே." அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கை நல்ல கைதான் சின்னப் பாட்டி. ஆனா அங்க ஒண்ணு கெட்டுதுன்னா பயத்துல நல்லதோட சேர்த்து மறைச்சிடுவாங்க. நெட்டையக்காவுக்குச் சரியா வராத வாரெல்லாம் எங்க போச்சுன்னு நினைக்கிறீங்க? மறைச்சு வச்சது ஏதோ ஒரு பிள்ளை முதுகுல போய்ப் பிரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

என் மேசையும் முதலில் சும்மாதான் கிடந்தது. பிறகு ஒரு நாள் நான் பூப்போட்ட துணி ஒரு கட்டைத் தலைகீழாக வெட்டிவிட்டேன். அத்தனை பூவும் தரையைப் பார்த்துத் தொங்கின. கொண்டுபோய் மேசையில் போட்டு, "இது நான்" என்றேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வைத்தார்கள். உன்னிடம் வைப்பதற்கு ஏதாவது இருக்குமா என்று தெரியவில்லை. நீ தப்பே செய்ததில்லையே.

குருவி இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டாள். அதுவும் எனக்கு எரிகிறது.

தங்கை

---

ஜூலை 9

தங்கச்சிக்கு,

உன் கடைசி வரிகளுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. எழுதி, கிழித்துப் போட்டேன்.

நீ செய்ததை நான் செய்ய முடியாதா என்று உட்கார்ந்து ஒரு பையைக் கெடுத்தேன். வாரை வேண்டுமென்றே முறுக்கித் தைத்து, மேசையில் போட்டு, "இது நான்" என்றேன். கத்திரி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வேணும்னே கெடுத்ததும்மா."

"எப்படிச் சொல்ற?"

"முறுக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கு."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போனார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒரு பை இருந்தது. வெயில் காலத்தில் தைத்தது. ஒரு வார் நீளம், ஒன்று குட்டை. நான் அளந்துதான் தைத்தேன், கண் ஏமாற்றிவிட்டது. சீட்டை எடுத்து என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன், அதற்கு மேல் பேனா நகரவில்லை. மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நெட்டைக்காவது சாப்பாட்டுக் கூடை இருந்தது.

மறுநாள் காலையில் அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். "இதுதான் நெஜமா நான். கண்ணு சரியாத் தெரியல" என்றேன். கத்திரி அதை மாட்டிக்கொண்டு நின்றாள். ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி, பாரம் இழுக்கிற மாதிரி சாய்ந்து நின்றாள். நெட்டை மெதுவாகச் சொன்னாள்.

"எங்க மாமியாருக்கு இது சரியா இருக்கும்மா. அவங்க நடக்கிறதே அப்படித்தான்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பட்டறையே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பையால் ஒரு பிரயோசனமும் இல்லை, பிரித்துவிட்டோம். இனிமேல் வார் அளவை நான் தொடக் கூடாதாம், கத்திரியின் உத்தரவு. எனக்கு உத்தரவு போட்டு அவள் பார்த்ததே இல்லை. போட்டுவிட்டுத் தானே பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் மேசையைப் பார்த்தேன். கண்ணாடி தெரியவில்லை, அவ்வளவு கிடந்தது. கத்திரி வெட்டிக் கெடுத்தவைகூட இருந்தன. ஜிப் ஓரத்தில் துணியை இரண்டாக மடித்துத் தைத்தால் பாரம் தாங்கும் என்று நெட்டை அவற்றில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. மூடிக்கொண்டேன். நீ சொன்னது சரி, அதுதான் கஷ்டம்.

குருவி போன் பண்ணியிருந்தாள். நீ தரும் பங்கை வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். நான் சாவியைப் பற்றிச் சொன்னேன். "சாவியைக் கத்திரியக்காகிட்டக் குடுங்க பாட்டி. உங்க பக்கத்துலயே இருந்து எல்லாம் தெரிஞ்சவங்க. நான் அடிக்கடி வருவேன்" என்றாள். வருவேன் என்றாள். வந்துவிடுகிறேன் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் புரிகிற அளவுக்கு ஐந்தாம் வகுப்பு போதும்.

வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு உன்னை என்னென்ன திட்டினேன் என்று எழுதினால் தாள் போதாது. சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. நேற்று கத்திரியைக் கதவைப் பூட்டச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் பூட்டினாள்.

அந்த ஜிப் ஓரத்துக் கட்டுகளை அனுப்பு. நாங்கள் தைத்துத் தருகிறோம். கெட்டது தனி மூட்டையாக, கெட்டது என்று மேலே எழுதி வரும். குருவியிடம் சொல், பாட்டி சொன்னாள் என்று சொல். உன் தையலை அவள் குறை சொன்னால் பொறுத்துக்கொள், அது என் கை.

ஆணியைப் பிடுங்கச் சொன்னேன். வரவில்லை. நான் அடித்த ஆணி, எப்படி வரும்? சும்மா நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் பழக்கத்தில் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள், ஒன்றும் இல்லையென்று திகைக்கிறார்கள். அதனால் குருவியின் புதுப் படம் ஒன்று வேண்டும். என்னிடம் இருப்பது பள்ளிச் சீருடையில் எடுத்தது, முன்பல் இல்லாமல் சிரிக்கிறாள். அந்தப் பையை மாட்டிக்கொண்டு, பையும் தெரியும்படி, முகமும் தெரியும்படி நிற்கச் சொல். சட்டம் போட்டு அனுப்பு. போனில் அனுப்பாதே, போனை ஆணியில் மாட்ட முடியாது.

அவள் தனியாக நிற்கட்டும். நீ பக்கத்தில் நிற்க வேண்டாம். தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கவே வேண்டாம்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். சரி, நீயும் நில். ஓரமாக நில். ஒருமுறை அந்த ஆணியில் என்னைத் தொங்கவிட்டது போதாதா என்று கேட்காதே. இந்தத் தடவை சீட்டு எழுத மாட்டேன். படத்தை இந்த வாரமே தபாலில் போடு.

அக்கா